தொகுதி எண் 417

தூத்துக்குடியில் கப்பலேறிய மிளகாய்த்தூள்
ஹாம்பர்க்கைப் பார்த்துவிட்டு
எழுபத்தோராம் நாள் திரும்பி வந்தது,
வாசலிலேயே நிறுத்தி அனுப்பிய சம்பந்தி போல.
காரைக்குடிக்கு வெளியே, திருச்சி சாலையில்,
தகரக் கூரைக்குக் கீழே
கண்டெய்னர் கதவைத் திறந்தபோது
முதலில் தும்மியது நான்தான்.

பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை.
அவர்கள் போட்ட எல்லை
புள்ளிக்குப் பின்னால் ஒரு சைபர், ஒரு ஐந்து.
நம் தூளில் அதைப்போல் பதினொரு மடங்கு மருந்து.
இங்கிருந்து போகும்போது சரியாகத்தான் இருந்தது,
அதாவது, காகிதத்தில்.
காகிதத்தின் அடியில் கையெழுத்து:
வ. அழகுநாச்சி, எம்.எஸ்சி.
நான்.

மருந்து எங்கிருந்து வந்தது என்று மேனேஜர் கேட்டார்.
பரமக்குடிப் பக்கம் ஒரு கொல்லையிலிருந்து.
மழை ஏமாற்றி, இலைப்பேன் ஏறி,
கிலோ என்ன விலை என்பதை
எவரோ எங்கோ ஒரு திரையில் முடிவு செய்துவிட,
உரக்கடையில் கடனாய்த் தந்த பாட்டிலை
ஒரு தடவைக்கு மூன்று தடவை அடித்த
சூசைமாணிக்கத்தைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.
தன் வீட்டுக் குழம்புக்கென்று
இரண்டு பாத்தியை மருந்தடிக்காமல் விட்டிருந்தார்.
அதை எனக்குக் காட்டிச்
சிரிக்கவும் செய்தார்.

அட்டையில் மட்டும் குறையே இல்லை.
ஓரமெல்லாம் ஆத்தங்குடிக் கல்லின் பூ,
நடுவில் நிலைக்கதவு,
மேலே வளைவாக ‘செட்டிநாட்டுக் கைமணம்’.
எந்தக் கை?
அரைப்பது கோயம்புத்தூர் எந்திரம்.
அள்ளுவது ஜார்க்கண்டின் பையன்கள்,
மூக்கில் துண்டு கட்டி,
கண்ணை அப்படியே விட்டு.

ஜனவரியில் பேனர் கட்டினார்கள்:
சமூகப் பொறுப்பு தினம்.
பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்,
சத்துணவுக் கூடத்துக்கு இருநூறு கிலோ நன்கொடை.
முதலாளி சட்டையில் ரோஜா.
பிள்ளைகள் கைதட்டினார்கள்,
தட்டச் சொன்னதால்.
போட்டோவுக்காக ஒரு பையின் ஓரத்தை நான் பிடித்திருந்தேன்.
கட்டைவிரலுக்கு அடியில் புது லேபிள்,
அவசரத்தில் ஒட்டியது, கோணல்.
அதற்கும் அடியிலிருந்து எட்டிப் பார்த்தது
417.

எல்லோரும் கிளம்பியபின் சமையற்கட்டுக்குப் போனேன்.
பொன்னழகி நாளைய பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
எண்ணைச் சொன்னேன், மடங்கைச் சொன்னேன்.
அவள் கை நிற்கவில்லை.
“தின்னா செத்துருவாகளா?”
உடனே இல்லை.
“அப்ப எப்ப?”
அதற்கு என் படிப்பில் பதில் உண்டு,
மேலேறும் ஒரு கோடாக.
அதை ஓர் அடுப்படியில் எங்கே விரிப்பது?

“பொடி போன மாசமே தீந்துபோச்சு,
பணம் இன்னும் வரல.
இதத் தள்ளி வைக்கிறேன்னு வைங்க,
எச்சம் ஏன்னு கேப்பாரு.
ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

எழுதிக் குடு.
ஆறு வருஷமாய் அதுதானே சம்பளம்.
தகுதி, தகுதி, தகுதி என்று
பேனா தூக்கத்தில்கூடப் போடும்.
இன்றைக்கு ஓர் எதிர்மறையைச் சேர்க்க
அது கனத்தது.
பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில்
‘தொகுதி எண் 417. உண்ணத் தகுதியற்றது.’
பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போய்
அடித்து மறுபடி எழுதினேன்.
வீட்டுக்கடன் இன்னும் ஒன்பது வருஷம்
என்பது அந்த அடித்தலுக்குள் இருந்தது.
அவள் தாளை நான்காய் மடித்து
உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் போன் செய்தாள்.
தன் வீட்டு மிளகையும் சீரகத்தையும் தட்டிப் போட்டாளாம்,
சாம்பார் வெளுத்துக் கிடந்ததாம்.
நூற்றுப் பன்னிரண்டு தட்டில் ஒரே ஒருத்தன்,
நான்காம் வகுப்பு, எழுந்து நின்று
“காரம் பத்தல” என்றானாம்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.
நானும் சிரிக்கப் போனேன்.
குறுக்கே இன்னோர் அழைப்பு வந்தது,
திரையில் மேனேஜர்.